கிரெனடீன்ஸ் தீவுகளுக்குப் போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில், செயின்ட் வின்சென்ட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கிற குட்டித் தீவுகள்தான் கிரெனடீன்ஸ். பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் இந்தப் பெயரைச் சொல்வார்கள். நம்மவர்களிடம் பேச்சு வந்தாலே ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இவை பணக்காரர்களின் படகுகள் நிற்கிற இடம் மட்டும் இல்லை, மீன் பிடித்தும் படகு கட்டியும் மழைத்தண்ணீரைச் சேமித்தும் மனிதர்கள் வாழ்கிற ஊர்கள். அதைத் தெரிந்துகொண்டு போனால் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

இந்தத் தீவுகள் எந்த நாட்டில் இருக்கின்றன?

இரண்டு நாடுகளில். வடக்கே இருப்பவை 'செயின்ட் வின்சென்ட் அண்ட் தி கிரெனடீன்ஸ்' என்ற நாட்டைச் சேர்ந்தவை, அது 1979 அக்டோபர் 27 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. பெக்வே, முஸ்டீக், கனுவான், மேரோ, யூனியன், பாம் தீவு, பெட்டி செயின்ட் வின்சென்ட், அப்புறம் யாரும் குடியில்லாத டொபாகோ கீஸ் எல்லாம் இதில் வரும். தெற்கே இருக்கிற கரியாக்குவும் பெட்டி மார்ட்டினிக்கும் கிரெனடாவுக்குச் சொந்தம். யூனியன் தீவில் நின்றால் கரியாக்கு கண்ணெதிரே தெரியும், ஆனாலும் நடுவில் ஒரு நாட்டு எல்லை ஓடுகிறது. திட்டம் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, டொபாகோ கீஸுக்கும் டிரினிடாட் - டொபாகோ நாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பெயரைப் பார்த்துத் தவறான ஊருக்கு விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

பாய்மரப் படகுக்காரர்கள் ஏன் இங்கேயே குவிகிறார்கள்?

காற்று. பாடப்புத்தகத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அந்தக் கீழ்க்காற்று அட்லாண்டிக்கைக் கடந்து வருடத்தில் பெரும்பாலான நாள் இங்கே அடித்துக்கொண்டே இருக்கும், சாதாரணமாக 15 முதல் 25 நாட் வேகத்தில் (நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு, மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). தீவுகள் வடக்கு தெற்காக வரிசையாக நிற்கின்றன, காற்று கிழக்கிலிருந்து வருகிறது, ஆக படகின் பக்கவாட்டில் காற்றை வாங்கிக்கொண்டு ஒரு தீவிலிருந்து அடுத்ததுக்கு நிம்மதியாக ஓடலாம். வரிசை கொஞ்சம் தென்மேற்காகச் சாய்ந்திருப்பதால் தெற்கே போவது சுலபம், திரும்பி வடக்கே வரும்போது காற்றை எதிர்த்து ஏற வேண்டியிருக்கும். தீவுகளுக்கு இடையிலான தூரம் சில மணி நேர ஓட்டம்தான். அடுத்த தீவு எப்போதும் கண்ணுக்குத் தெரியும். ஓதத்தின் ஏற்ற இறக்கமும் சுமார் அரை மீட்டர்தான்.

சுலபம் என்றதும் குளம் மாதிரி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். தீவுகளின் மேற்குப் பக்கம் அமைதி, ஆனால் ஒரு தீவைத் தாண்டி அடுத்ததுக்குப் போகிற திறந்த கால்வாயில் அட்லாண்டிக் அலை நேராக வந்து மோதும். செயின்ட் வின்சென்ட்டுக்கும் பெக்வேக்கும் நடுவில் உள்ள கால்வாயில் நீரோட்டம் பலமாக இருக்கும், காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக வரும் நேரத்தில் அலை செங்குத்தாக எழும். கிறிஸ்துமஸ் காற்று என்று ஊர்க்காரர்கள் சொல்வது டிசம்பர் கடைசியில் தொடங்கிச் சில வாரங்கள் நீடிக்கும், அப்போது 25 நாட் வேகத்துக்கு மேலேயே அடிக்கும்.

எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. நான் போய் என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்பது இதுதான், தயங்காமல் போங்கள் என்பதுதான் என் பதில். செயின்ட் வின்சென்ட்டின் தலைநகர் கிங்ஸ்டவுனிலிருந்து பெக்வேக்குத் தினமும் பல தடவை ஃபெர்ரி போகிறது, சுமார் ஒரு மணி நேரம். அதே துறைமுகத்திலிருந்து கனுவான், மேரோ, யூனியன் பக்கமும் படகுகள் போகின்றன. தபால் படகு என்று சொல்லப்படும் மெதுவான சரக்குப் படகும் உண்டு, வேகப் படகும் உண்டு. தபால் படகில் சிமென்ட் மூட்டை, கோழித் தீவனம், ஃபிரிட்ஜ், பள்ளிப் பிள்ளைகள், பாட்டிமார் என்று எல்லாம் ஒன்றாக வரும். என்னைக் கேட்டால், ஒருமுறையாவது அதில்தான் போக வேண்டும். தீவு எதை நம்பி வாழ்கிறது என்பது அந்த மேல்தளத்தில் உட்கார்ந்தாலே புரிந்துவிடும். நேர அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறும், முதல் நாளே துறைமுகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாய்மர அனுபவம் வேண்டும் என்றால் ஒரு நாள் சுற்றுலாப் படகுகள் இருக்கின்றன. பெக்வேயிலேயே மரத்தால் கட்டி 1969இல் கடலில் இறக்கிய 'ஃபிரெண்ட்ஷிப் ரோஸ்' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் முன்பு ஊர்க்காரர்களின் ஃபெர்ரியாக ஓடியது, பிறகு பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவுகளைச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்கு மாலுமியோடு சேர்த்தே படகை வாடகைக்கு எடுக்கவும் முடியும். ஆறேழு பேர் சேர்ந்து பங்கு போட்டால், தனித்தனியாக விடுதி எடுப்பதோடு ஒப்பிடும்போது செலவு ரொம்ப வித்தியாசப்படாது.

எப்படிப் போய்ச் சேர்வது? விசா?

செயின்ட் வின்சென்ட்டில் ஆர்கைல் சர்வதேச விமான நிலையம் 2017 பிப்ரவரியில் திறந்த பிறகு வழி சுலபமாகிவிட்டது. அமெரிக்கா, கனடா இரண்டிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. பார்படோஸ் போய் அங்கிருந்து சின்ன விமானத்தில் பெக்வே, கனுவான், யூனியன் தீவுகளில் இறங்குவது இன்னொரு வழி.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் செயின்ட் வின்சென்ட், கிரெனடா, பார்படோஸ் மூன்றுக்குமே முன்கூட்டி விசா தேவையில்லை. சிக்கல் இடைவழியில்தான். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழி என்றால் பலருக்கு டிரான்சிட் விசா தேவைப்படும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஊரைச் சேர்வதைவிட இதுதான் நிறையப் பேரைத் தடுத்து நிறுத்துகிறது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரினிடாட் வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள், இந்தியா திரும்பும்போது கேட்பார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் முகவரியும் குடியுரிமை அதிகாரி கேட்பார், அச்செடுத்து வைத்திருந்தால் நல்லது.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் பாதியிலிருந்து மே வரை. காய்ந்த பருவம், வானம் தெளிவு. எனக்குப் பிடித்தது ஏப்ரல், மே: காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், விலையும் இறங்கும். ஈஸ்டர் சமயத்தில் பெக்வேயில் படகுப் போட்டி நடக்கும், ஊர் மீனவர்கள் தாங்கள் கட்டிய இரு முனையும் கூரான மரப்படகுகளில் பாய் ஏற்றி ஓட்டுவார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் கரியாக்குவிலும் 1965 முதல் ஒரு படகுப் போட்டி நடந்து வருகிறது.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். படகுக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, அந்த மாதங்களில் படகை இன்னும் தெற்கே கொண்டுபோகச் சொல்லும். இந்தத் தீவுகள் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன என்ற ஒரு பேச்சு நெடுநாள் இருந்தது. இப்போது அப்படிச் சொல்வார் யாரும் இல்லை.

பெரில் புயலுக்கு அப்புறம் அங்கே என்ன மிச்சம்? இப்போது போவது சரியா?

2024 ஜூலை 1 அன்று பெரில், நான்காம் வகைப் புயலாக, மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் காற்றோடு கரியாக்குவில் கரை ஏறியது. சீசன் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவ்வளவு சீக்கிரத்தில் அவ்வளவு பலமான புயல் அட்லாண்டிக்கில் அதற்கு முன் பதிவானதே இல்லை. கரியாக்குவிலும் பெட்டி மார்ட்டினிக்கிலும் கூரையோடு நின்ற வீடுகளைத் தேட வேண்டியிருந்தது. யூனியன் தீவில் 90 சதவீத வீடுகள் இடிந்தன அல்லது பலமாகச் சேதமடைந்தன என்று அன்றைய பிரதமர் சொன்னார். மேரோவும் கனுவானும் தப்பவில்லை. கரியாக்குவின் டைரெல் பே அலையாத்திக் காட்டுக்குள் பாதுகாப்புக்காகக் கட்டி வைத்திருந்த படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வடக்கே இருந்த பெக்வே ஒப்பீட்டளவில் தப்பித்தது, பிழைத்தவர்கள் பலர் அங்கேயும் செயின்ட் வின்சென்ட்டுக்கும்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

போவது சரியா என்றால், சரி. இந்தத் தீவுகளுக்கு வருமானம் என்பதே பெரும்பாலும் வருகிறவர்களால்தான். படகோட்டி, சமையல்காரர், ரொட்டிக் கடை, வாடகை அறை வைத்திருக்கும் அம்மா, எல்லாருக்கும் வேலை வேண்டும். ஆனால் இரண்டு விஷயம். முதலாவது, தெற்குத் தீவுகளில் அறை எடுக்கும்போது நேரடியாகப் பேசி, தண்ணீர், மின்சாரம், கூரை எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள், மீட்பு வேலை ஒரே வேகத்தில் நடக்கவில்லை. இரண்டாவது, இடிந்த வீடுகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அது யாரோ ஒருவர் முப்பது வருடம் உழைத்துக் கட்டிய வீடு, அவர் பக்கத்துச் சந்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

எந்தத் தீவில் தங்கலாம்?

முதல் தடவை என்றால் பெக்வே. சுமார் 18 சதுர கிலோமீட்டர், ஐந்தாயிரம் பேர் அளவில் மக்கள். அட்மிரல்டி பே என்ற பெரிய வளைகுடாவில் உலகத்தின் எல்லாக் கொடிகளோடும் படகுகள் நங்கூரம் போட்டிருக்கும், கரையை ஒட்டி ஒரு நடைபாதை போர்ட் எலிசபெத் ஊரிலிருந்து பிரின்செஸ் மார்கரெட் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போகும். அடுத்து லோயர் பே, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களே குடும்பமாக வந்து குளிக்கும் இடம். மரத்தில் மாதிரிப் படகு செதுக்குகிற பட்டறைகள் சாலையோரம் இருக்கின்றன, உள்ளே போய்ப் பார்க்கலாம், பேசலாம். விலை பேசிக் குறைக்கப் பார்க்காதீர்கள், ஒரு படகுக்கு வாரக்கணக்கில் கை வேலை இருக்கிறது.

அமைதி வேண்டும் என்றால் மேரோ. முந்நூறு பேர் அளவில்தான் குடியிருக்கிறார்கள், விமான நிலையம் கிடையாது. கரையிலிருந்து செங்குத்தான ஒரே சாலை குன்றின் மேல் இருக்கும் ஊருக்கு ஏறும், மூச்சு வாங்கும், ஆனால் கத்தோலிக்கக் கோவில் இருக்கிற மேட்டில் நின்று கிழக்கே பார்த்தால் டொபாகோ கீஸ் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும், நீலத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும். வடக்கு ஓரத்தில் சால்ட் விசில் பே. ஒரு மெல்லிய மணல்திட்டுதான், ஒரு பக்கம் அமைதியான குளியல் கடல், பத்தடி நடந்தால் மறுபக்கம் அட்லாண்டிக். அந்தத் திட்டு ஏற்கனவே அரித்துக்கொண்டிருந்தது, புயல் இன்னும் அடித்துவிட்டது.

யூனியன் தீவு எனக்கு மிகவும் நெருக்கமானது. கிரெனடீன்ஸிலேயே உயரமான டபோய் மலை இங்கேதான், 305 மீட்டர். கிளிஃப்டன் ஊர் முன்னால் உள்ள பவளப்பாரின் உட்பக்கம் காற்றாடிச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் வருவார்கள். மேற்கே சாத்தம் பே, அதை ஒட்டிய காட்டில் உடம்பெல்லாம் சிவப்பும் கறுப்புமாகக் கண் மாதிரிப் புள்ளி போட்ட ஒரு குட்டிப் பல்லி வாழ்கிறது, 2005இல்தான் கண்டுபிடித்தார்கள், உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. கள்ளச் சந்தைக்காக அதைத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போய்க் கல்லைப் புரட்ட வேண்டாம்.

இதே தீவின் ஆஷ்டன் காயலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990களில் அங்கே பெரிய படகுத்துறை கட்டுகிறோம் என்று கரை போட்டுத் தண்ணீர் ஓட்டத்தை அடைத்தார்கள், வேலை பாதியில் நின்றது, அடைப்பு மட்டும் நிலைத்தது. இருபது வருடத்துக்கு மேல் தண்ணீர் தேங்கி, அலையாத்தியும் கடற்புல்லும் செத்துக்கொண்டிருந்தன. உள்ளூர் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று விடாமல் போராடி, கரைகளை வெட்டித் தண்ணீரை மறுபடி ஓட விட்டு, நடைபாலம் போட்டு, பறவை பார்க்கிற இடமாக மாற்றியது. தீவுக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பாமல் இதையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

கரியாக்கு இந்தச் சங்கிலியிலேயே பெரியது. விண்ட்வர்ட் கிராமத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கடற்கரையில் வைத்தே மரப்படகு கட்டுகிறார்கள், வரைபடம் கிடையாது, கண்ணும் கையும்தான் அளவு. கரியாக்கு, பெட்டி மார்ட்டினிக் தீவுகளின் இந்தப் படகு கட்டும் கலையை யுனெஸ்கோ 2023இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

டொபாகோ கீஸ் அப்படி என்ன விசேஷம்?

ஐந்து குட்டித் தீவுகள்: பெட்டி ரமோ, பெட்டி பட்டோ, பரடால், ஜேம்ஸ்பி, கொஞ்சம் தள்ளி பெட்டி டபாக். ஒன்றிலும் யாரும் குடியில்லை. கிழக்கே குதிரை லாட வடிவத்தில் ஒரு பவளப்பார் வளைத்து நிற்கிறது. அதற்கு அப்பால் ஆப்பிரிக்கா வரைக்கும் நிலமே இல்லை. அவ்வளவு தூரம் ஓடி வந்த அலை பாரில் மோதி நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். ஆகவே நடுக்கடலில், கண்ணெதிரே கரையே இல்லாமல், இடுப்பளவும் கழுத்தளவுமான தெளிந்த தண்ணீரில் படகு நிற்கிறது. இதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பரடால் பக்கம் கடற்புல் தரை, பச்சை ஆமைகள் அங்கே மேய வரும். மிதவைக் கயிறு கட்டி எல்லை போட்டிருப்பார்கள், அதற்குள் மோட்டார் படகு போகக் கூடாது. ஆமையைத் துரத்தாதீர்கள், தொடாதீர்கள். ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருந்தால் அது தானாகப் பக்கத்தில் வந்து புல் கடிக்கும், மூச்சு வாங்க மேலே வரும், மறுபடி இறங்கும். செயின்ட் வின்சென்ட் 2017இல் ஆமை பிடிப்பதை முழுசாகத் தடை செய்தது.

இது 1997இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டணம், படகை மிதவையில் கட்ட வேறு கட்டணம், காவலர்கள் படகில் வந்து வசூலித்து ரசீது தருவார்கள். மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, சங்கோ சிப்பியோ எடுத்துப் போகக் கூடாது. சன் ஸ்கிரீன் பூசிக்கொண்டு உடனே குதிப்பதைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நீந்துவது பவளத்துக்கும் நல்லது, உங்கள் முதுகுக்கும் நல்லது.

மதியம் ஒரு நாள் சுற்றுலாப் படகுகள் வந்து கூட்டமாகிவிடும். முடிந்தால் இரவு அங்கேயே தங்குங்கள், இல்லை என்றால் யூனியனிலிருந்தோ மேரோவிலிருந்தோ காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

முஸ்டீக் மாதிரி பணக்காரத் தீவுகளுக்குள் விடுவார்களா?

முஸ்டீக்கை 1958இல் கோலின் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் பிரபு 45,000 பவுண்டுக்கு வாங்கினார். 1960இல் இளவரசி மார்கரெட்டுக்குத் திருமணப் பரிசாக அங்கே ஒரு மனை கொடுத்தார், அதிலிருந்துதான் உலகப் பிரபலங்கள் வர ஆரம்பித்தார்கள். இன்றும் தனியார் நிறுவனம்தான் நிர்வகிக்கிறது. படகில் போனால் பிரிட்டானியா பேயில் அவர்களுடைய மிதவையில்தான் கட்ட வேண்டும், நங்கூரம் போட அனுமதி இல்லை. ஒரு பகல் சுற்றிப் பார்க்கலாம். பெட்டி செயின்ட் வின்சென்ட் முழுத் தீவும் ஒரே விடுதி. அங்கே அறையில் தொலைபேசி இல்லை, ஏதாவது வேண்டும் என்றால் மஞ்சள் கொடி, யாரும் வர வேண்டாம் என்றால் சிவப்புக் கொடி.

கனுவானில் வடக்குப் பகுதியின் பெரும்பங்கு சொகுசு விடுதிக்காகக் குத்தகைக்குப் போனது, தங்கள் கடற்கரைக்கே போக வழி கேட்டு ஊர்க்காரர்கள் போராட வேண்டி வந்தது. எனக்கு அந்தப் பக்கம் மனம் ஒட்டவில்லை.

சாப்பாடு? சைவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும். செயின்ட் வின்சென்ட்டின் தேசிய உணவு சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனும். சீமைப்பலாக் கன்றுகளைக் கேப்டன் பிளை 1793இல் பசிபிக் தீவுகளிலிருந்து கொண்டு வந்து கிங்ஸ்டவுன் தாவரவியல் தோட்டத்தில் இறக்கினார், அடிமைகளுக்கு மலிவான சாப்பாடு வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் கேட்டதால். நெருப்பில் முழுசாகச் சுட்டு, கரிந்த தோலை உரித்துக் கொடுக்கும்போது மாவும் வெண்ணெயும் கலந்த மணம் வரும். கூடவே வாழைக்காய், சேப்பங்கிழங்கு, மரவள்ளி, இதெல்லாம் நமக்கு வீட்டுச் சாமான்கள்தான்.

எந்தத் தீவிலும் ரொட்டி கிடைக்கும், பட்டாணிப் பருப்புப் பொடி வைத்த மெல்லிய ரொட்டிக்குள் கறி வைத்து மடித்தது. கோழியும் சங்குச் சதையும்தான் வழக்கம், உருளைக்கிழங்கோ பூசணியோ வைத்துக் கேட்டால் செய்து தருவார்கள். ராஸ்தாஃபாரி மதத்தார் நடத்தும் சமையல் கடை தென்பட்டால் விடாதீர்கள், ஐட்டல் என்பார்கள், இறைச்சி அறவே இல்லை, பருப்பும் தேங்காய்ப்பாலும் கிழங்குமாக இருக்கும்.

சிங்கி இறால் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் யாராவது 'ஃபிரெஷ்' என்று விற்றால் வாங்காதீர்கள்.

தண்ணீர், கரண்ட், பணம்?

இந்தச் சின்னத் தீவுகளில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் பெரும்பாலான குடும்பங்கள் வருடம் முழுக்க ஓட்டுகின்றன. காய்ந்த பருவத்தில், அதாவது நாம் போகிற பருவத்தில், தொட்டி அடிமட்டத்துக்குப் போய்விடும். ஷவரைத் திறந்து விட்டுச் சோப்புப் போடாதீர்கள். வாளியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர் போலவே. பிளக் பல இடங்களில் பிரிட்டிஷ் மூன்று முனை. பணம் கிழக்குக் கரீபியன் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70, 1976 முதல் மாறாத விகிதம். விலை கேட்கும்போது எந்த டாலர் என்று கேட்டுவிடுங்கள். பெக்வேயிலும் கிளிஃப்டனிலும் ஏடிஎம் உண்டு, மேரோ மாதிரி இடத்துக்கு ரொக்கம் கொண்டுபோக வேண்டும்.

நாங்களே படகு வாடகைக்கு எடுத்து ஓட்டப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

நாட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்றி, குறிப்பிட்ட துறைமுகத்தில் சுங்கம், குடியுரிமை இரண்டையும் முடிக்க வேண்டும். வடக்கே பெக்வேயிலும் தெற்கே கிளிஃப்டனிலும் செய்யலாம். கிளிஃப்டனில் வெளியேறும் முத்திரை வாங்கிவிட்டுத்தான் கரியாக்கு போக வேண்டும், அங்கே மறுபடி நுழைவுப் பதிவு. எட்டு மைல்தானே என்று தாவிவிட முடியாது.

பவளப்பார் உள்ள இடத்தில் சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போது மட்டும் நுழையுங்கள். பழுப்பாகத் தெரிந்தால் பார், வெளிர் பச்சை என்றால் மணல், கரும் நீலம் ஆழம். மாலை நாலு மணிக்கு மேற்கே பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்றுமே தெரியாது. எந்த மிதவையில் கட்டினாலும் ஒருவர் நீரில் இறங்கி, அடிக்கயிறு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கரியாக்குவைத் தாண்டிக் கிரெனடாவுக்குத் தொடர்ந்து போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். கிரெனடாவுக்கு எட்டு கிலோமீட்டர் வடக்கே கடலுக்கு அடியில் 'கிக்-எம்-ஜென்னி' என்ற எரிமலை இருக்கிறது. 1939இல் வெடித்தபோதுதான் அது அங்கே இருப்பதே தெரிய வந்தது. சாதாரண நாளில் அதைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது, எச்சரிக்கை நிலை ஏறினால் 5 கிலோமீட்டர். வாயு குமிழிகள் எழும்பினால் தண்ணீரின் அடர்த்தி குறைந்து படகு மிதக்காமல் போகலாம், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

நங்கூரம் போடுமுன்னே சின்னப் படகில் வந்து சுற்றிக்கொள்கிறார்களாமே, தொல்லையா?

தொல்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர்கள் தங்கள் ஊர் வளைகுடாவில் பிழைப்பு நடத்துகிறார்கள். கயிறு பிடித்துக் கட்டித் தருவார்கள், காலையில் சூடான ரொட்டி, ஐஸ், மீன், வாழைப்பழம் கொண்டு வருவார்கள், குப்பை எடுத்துப் போவார்கள். வேண்டாம் என்றால் முகம் பார்த்து, வணக்கம் சொல்லி, வேண்டாம் என்று சொன்னால் போதும். வேண்டும் என்றால் விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். டொபாகோ கீஸில் பெட்டி பட்டோ கரையில் அவர்களே அடுப்பு மூட்டி மீனும் சிங்கி இறாலும் சுட்டு மேசை போட்டுப் பரிமாறுவார்கள், சாயந்திரத்துக்கு வேறு யோசனையே வேண்டாம். குப்பையை மட்டும் யாரிடம் கொடுக்கிறீர்கள், எங்கே போகிறது என்று கேட்டுக் கொடுங்கள்.

பாதுகாப்பு எப்படி?

பெரும்பாலும் அமைதியான தீவுகள். நடக்கிற குற்றம் என்றால் டிங்கி, அதாவது கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சின்னத் துணைப்படகு, திருடு போவதுதான், அதுவும் எஞ்சினுக்காக. இரவில் டிங்கியை மேலே தூக்கிக் கட்டி, சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். 2024 பிப்ரவரியில் கிரெனடாவில் போலீஸ் காவலிலிருந்து தப்பிய மூன்று பேர் ஒரு பாய்மரப் படகைக் கடத்தினார்கள், அதில் இருந்த அமெரிக்கத் தம்பதி கொல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது. அங்கே அப்படி நடப்பது மிக அபூர்வம், ஊரே அதிர்ந்துபோனது. ஆனாலும் ஆள் இல்லாத வளைகுடாவில் தனியாக ஒரே படகாக இரவு தங்குவதைத் தவிர்ப்பது நல்லது.

பெக்வேயில் திமிங்கில வேட்டை இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. சர்வதேச திமிங்கில ஆணையம் பாரம்பரிய உணவு வேட்டை என்ற வகையில் வருடத்துக்கு நான்கு கூனல் திமிங்கிலம் வரை அனுமதித்திருக்கிறது, பல வருடங்களில் அதுகூடப் பிடிபடுவதில்லை. பாய் கட்டிய சின்ன மரப்படகில் போய்க் கையால் எறிகிற ஈட்டிதான். 1870களில் அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல்களில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் தொடங்கியது. எனக்கு மனசு ஒப்பவில்லை, இதை நிறுத்த வேண்டும் என்று அந்தத் தீவிலேயே பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில் ஒரு கிழவரிடம் சண்டை பிடிப்பதில் பொருள் இல்லை. கேட்டால் அவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள், கேளுங்கள்.

நம்மவர்களுக்கும் அந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாது. 1861 ஜூன் 1 அன்று 'திருவாங்கூர்' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு செயின்ட் வின்சென்ட்டில் வந்து நின்றது. அடுத்த இருபது வருடத்துக்குள் மொத்தம் சுமார் 2,500 இந்தியர்கள் வந்தார்கள், பிந்திய கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தும் வந்தன. கரும்புத் தோட்டங்களில் வேலை, அதனால் பெரும்பாலும் பெரிய தீவில்தான் தங்கினார்கள். மொழி தங்கவில்லை. ஜூன் 1 அங்கே இந்தியர் வருகை நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்தச் சமயத்தில் போகிறவர்கள் கிங்ஸ்டவுனில் நடக்கும் நிகழ்ச்சிக்குப் போய் வாருங்கள், சென்னையிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

இன்னொரு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். முஸ்டீக்குக்குப் பக்கத்தில் பாலிசோ என்று ஒரு வெற்றுத் தீவு உண்டு. பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட கரிஃபூனா மக்களை, அதாவது செயின்ட் வின்சென்ட்டின் பூர்வகுடிகளும் ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவான இனத்தாரை, 1796-97இல் ஆயிரக்கணக்கில் அங்கே அடைத்து வைத்தார்கள், தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் நோயில் ஏறக்குறைய பாதிப்பேர் செத்தார்கள், மிச்சமிருந்தவர்களைக் கப்பலேற்றி ஹோண்டுராஸ் பக்கம் ரோவாட்டன் தீவில் கொண்டு விட்டார்கள். அவர்களுடைய தலைவர் சட்டோயர் இன்று அந்நாட்டின் தேசிய வீரர். அந்தத் தீவைத் தாண்டிப் படகு போகும்போது பாட்டை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பார்ப்பது என் வழக்கம்.

தெரியாமல் செய்துவிடக்கூடிய தப்புகள்?

ராணுவச் சீருடை மாதிரித் திட்டுத்திட்டாக நிறம் போட்ட சட்டை, பை, தொப்பி எதுவும் கொண்டு போகாதீர்கள், பொதுமக்கள் அணிவது இரண்டு நாட்டிலும் சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். நீச்சல் உடையோடு கடைவீதிக்குள் போவதை ஊர்க்காரர்கள் விரும்புவதில்லை. யாரிடம் எதைக் கேட்பதற்கு முன்னும் 'குட் மார்னிங்' சொல்லுங்கள், சொல்லாமல் நேரே விலை கேட்டால் அது அங்கே மரியாதைக் குறைவு. ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டவர் ஈட்டி வைத்து மீன் பிடிக்கக் கூடாது.

கடற்கரையில் மான்சினீல் என்ற மரம் இருக்கும், பளபளக்கும் இலை, சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற காய். பால் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும், காயைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து, மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே எரியும். சில இடங்களில் சிவப்புப் பட்டை அடித்து அடையாளம் வைத்திருப்பார்கள், எல்லா இடத்திலும் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் இறங்கிய முதல் நாளே ஊர்க்காரர் ஒருவரிடம் அந்த மரத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

பெக்வே வரை தாராளமாக. ஃபெர்ரியில் நடுத்தளத்தில், பின்பக்கமாக உட்கார வையுங்கள், ஆட்டம் குறைவு. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பயனில்லை. பெக்வேயில் சின்ன மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சை என்றால் கிங்ஸ்டவுனுக்கோ பார்படோஸுக்கோதான், ஆகவே வழக்கமான மருந்துகளை இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு, படகிலும் விமானத்திலும் நோயாளியை மாற்றும் செலவு அடங்கிய காப்பீடு எடுத்துவிடுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

இவ்வளவு தூரம் போய் ஐந்து நாளில் திரும்புவது வீண். பத்து நாள் இருந்தால் பெக்வேயில் நாலு, யூனியனில் மூன்று, மேரோவில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். கரியாக்குவும் வேண்டும் என்றால் இரண்டு வாரம். யூனியனுக்கும் கரியாக்குவுக்கும் நடுவே தினசரி ஃபெர்ரி கிடையாது, தண்ணீர் டாக்சி பேசிப் போக வேண்டும், அதுவும் அலை அடங்கிய நாளில். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் பெரிய தீவான செயின்ட் வின்சென்ட்டில் இருங்கள். காற்று பலமாக இருந்தால் ஃபெர்ரி நின்றுவிடும், விமானம் உங்களுக்காக நிற்காது.

கடைசியாக, கடல்பாசி பிரச்சினை இருக்கிறதாமே?

சர்காசம் என்ற பழுப்புப் பாசி 2011 முதல் பல வருடங்களில் கூட்டம் கூட்டமாக வந்து கரை ஒதுங்குகிறது, அழுகினால் முட்டை நாற்றம். கிழக்குப் பார்த்த கடற்கரைகளில்தான் சேரும். மேற்குப் பக்கக் கடற்கரையில் அறை எடுத்தால் பெரும்பாலும் கண்ணில் படாது.